பதவியேற்பு விழாவும் பரதன் சொன்ன கணக்கும்

நம் அரிமா சங்கம் பிறந்த கதை, கண் சிகிச்சை முகாம்கள், பள்ளிக்குக் கட்டிக் கொடுத்த வகுப்பறைகள், இதுவரை தலைமை ஏற்ற பெருமக்களின் வரிசை ஆகியவற்றையெல்லாம் இந்த மலரில் எழுதத் தகுதியுடையோர் பலர் இருக்கிறார்கள். எனக்கு இடப்பட்ட பணி வேறு. புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்கும் விழாவை எப்படி அமைப்பது என்பதை நம் நூல்களிலிருந்தும் கல்வெட்டுகளிலிருந்தும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று விழாக் குழுவினர் கட்டளையிட்டார்கள். தமிழ் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவனிடம் இப்படி ஒரு தலைப்பைக் கொடுத்துவிட்டு, சுருக்கமாக எழுதுவான் என்று எதிர்பார்ப்பது அவர்களுடைய பெருந்தன்மை.

குத்துவிளக்கு, வரவேற்புரை, ஆண்டறிக்கை, உறுதிமொழி, ஏற்புரை, நன்றியுரை, விருந்து என்ற வரிசை நம் செயலாளர்களுக்கு மனப்பாடம். அதை நான் சொல்லத் தேவையில்லை. நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஒரு பொறுப்பு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது, என்ன போகிறது, எவ்வளவு போகிறது என்பது சபை நடுவே சொல்லப்பட வேண்டும். நம் முன்னோர் விழா எடுத்தது அதற்காகத்தான். மாலையும் சால்வையும் கழுத்தில் போடும் காலரும் அதற்குப் பின்னால் வருபவை.

நின்றுபோன விழாவும் நடந்தேறிய விழாவும்

பதவியேற்பு என்றதும் என் மனம் இராமாயணத்துக்குத்தான் ஓடுகிறது. வான்மீகியில் இராமனுக்கு இரண்டு முறை பட்டாபிஷேகம் திட்டமிடப்படுகிறது. ஒன்று நின்றுபோயிற்று, மற்றொன்று நடந்தேறியது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் விழாக் குழுக்களுக்கு அதைவிட நல்ல பாடநூல் கிடையாது என்பது என் துணிபு.

முதல் விழாவில் ஏற்பாடுகளுக்கு ஒரு குறையும் இல்லை. தசரதன் அவையைக் கூட்டினான். நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் அரசர்களும் ஒரு குரலாக இசைந்தார்கள். சித்திரை மாதம், மறுநாள் பூசம். வசிட்டர் உடனே பொருள் பட்டியல் சொல்லத் தொடங்கிவிடுகிறார்: பொன், மணிகள், மூலிகைகள், வெண்மாலைகள், தேன், நெய், தேர், ஆயுதங்கள், நல்லிலக்கணம் அமைந்த யானை, வெண்குடை, கவரி, நூறு பொற்குடங்கள், கொம்பில் பொற்பூண் இட்ட காளை, முழுப் புலித்தோல். தெருவுக்கு நீர் தெளிப்பது முதல் கொடி கட்டுவது வரை ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கப்படுகிறது. இவ்வளவு செய்தவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். அவசரத்தில் கேகய மன்னனையும் சனகனையும் தசரதன் அழைக்கவில்லை. இனிய செய்தியைப் பிறகு கேட்டு அவர்கள் மகிழ்வார்கள் என்று நினைத்துக்கொண்டான் என்று வான்மீகி வெளிப்படையாகவே சொல்கிறார். பரதன் பாட்டனார் வீட்டில் இருந்தான். கைகேயியின் பணிப்பெண்ணான கூனி மந்தரையோ உப்பரிகையில் நின்று தெரு அலங்காரத்தைப் பார்த்து, பக்கத்தில் நின்ற தாதியிடம் கேட்டுச் செய்தியைத் தெரிந்துகொண்டாள். கைகேயிக்குச் செய்தி போனது கணவன் வாயிலாக இல்லை, கூனி வாயிலாக. பின்னால் நடந்ததை உலகம் அறியும். வரம் கொடுத்ததும் விதியும் தேவர் காரியமும் காரணங்கள் என்று பெரியோர் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் முறையாகச் சொல்ல வேண்டியவர்களுக்கு முறையாகச் சொல்லாமல் ஒரே இரவில் நடத்தப் பார்த்த விழா அது என்பதையும் காவியம் மறைக்கவில்லை.

இரண்டாவது விழாவுக்குப் பதினான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கே பரதனைக் கவனியுங்கள். நந்திக்கிராமத்தில் மரவுரி உடுத்து, பாதுகையை அரியணையில் வைத்து ஆட்சி நடத்தியவன். அண்ணன் திரும்பி வந்ததும் அந்தப் பாதுகைகளைத் தன் கையாலேயே அவன் திருவடிகளில் அணிவிக்கிறான். அடுத்து அவன் சொல்வது வாழ்த்துரை இல்லை. கருவூலத்தையும் களஞ்சியத்தையும் நகரையும் சேனையையும் பார்வையிட்டுக்கொள்ளுங்கள் என்கிறான். உங்கள் பேராற்றலால் எல்லாவற்றையும் பத்து மடங்காக்கி வைத்திருக்கிறேன் என்கிறான். கேட்டுக்கொண்டிருந்த வானரர்களும் வீடணனும் கண்ணீர் விட்டார்கள்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான். ஒப்படைப்புக் கணக்கு சொல்லி, கேட்டவர்களை அழவைத்தவன் உலக இலக்கியத்தில் பரதன் ஒருவனாகத்தான் இருக்க முடியும். அண்ணன் கேட்காமலே கணக்கைச் சொன்னான். இருப்பைப் பெருக்கிக் காட்டினான். பெருக்கியதற்கான புகழை அண்ணனுக்கே கொடுத்தான். இந்த வரிசை தற்செயலானதன்று. முதலில் பாதுகை, பிறகு கணக்கு, முடிசூட்டு அதற்கடுத்துத்தான்.

முடிசூட்டு ஏற்பாடுகளிலும் முதல் விழாவில் இல்லாத ஒரு நிதானம் தெரிகிறது. பரதன் சொற்படி சுக்கிரீவன் நான்கு பொற்குடங்களை நான்கு வானரர்களிடம் கொடுத்து, நான்கு கடல் நீரையும் கொண்டுவந்து விடியும்போது காத்திருக்க வேண்டும் என்று ஆணையிடுகிறான். ஆள் யார், பொருள் என்ன, எத்தனை மணிக்குள் என்ற மூன்றும் அந்த ஒரே ஆணைக்குள் அடங்கிவிட்டன. ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவன் நகரவில்லை. திருமுழுக்காட்டும்போதும் ஒரு முறை உண்டு. முதலில் வேள்வி ஆசிரியர்கள், அடுத்துக் கன்னியர், அமைச்சர், வீரர். அவர்களோடு வணிகப் பெருமக்களும் நீராட்டினார்கள் என்று வான்மீகி தனியே குறிப்பிடுகிறார். நம் உறுப்பினர்களில் வணிகர்களே மிகுதி என்பதால் இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். சக்கரவர்த்தித் திருமகனை அரியணையில் அமர்த்திய கைகளில் கடைக்காரர் கையும் ஒன்று.

கம்பநாட்டாழ்வார் இதே காட்சியைப் பாடும்போது மேடையில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதையே கவிதையாக்கிவிட்டார். பரதனுக்கு வெண்கொற்றக்குடை. மற்றத் தம்பியர் இருவருக்கும் கவரி. அங்கதனுக்கு உடைவாள். அனுமனோ அரியணையையே தாங்குகிறான். வசிட்டன் முடி சூட்ட வேண்டும். அந்த முடியை எடுத்துக் கொடுக்கும் பேறு வெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளலின் முன்னோர்க்கு. தன்னை ஆதரித்த புரவலரின் குலத்தை அயோத்தி மேடையிலேயே ஏற்றிவிட்டார் கவிச்சக்கரவர்த்தி. நம் மலருக்கு விளம்பரம் தந்து உதவியவர்கள் இதைக் கண்டு ஆறுதல் அடையலாம். இன்னொன்று. மிகுதியாக உழைத்தவன் இருக்கைக்கு அடியில் இருக்கிறான். புகைப்படம் எடுக்கப்பட்டிருந்தால் அனுமன் முகம் அதில் பாதிதான் விழுந்திருக்கும். ஒவ்வொரு சங்கத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். அவர் பெயரை நான் எழுதாமலே நீங்கள் அறிவீர்கள்.

உத்திரமேரூர்ச் சுவரில் எழுதியிருப்பது

இராமாயணம் அரச குலத்தின் கதை. உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் சங்கத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்களை உத்திரமேரூருக்கு அழைத்துப் போகிறேன்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டிலும் பதினான்காம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919இலும் 921இலும், வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. வெங்கையாவும் நீலகண்ட சாஸ்திரியாரும் இவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். குடவோலை என்ற பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். மேடைப் பேச்சாளர்கள் அனைவரும் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். ஆனால் கல்வெட்டைப் பொறுமையாகப் படித்தவர்கள் குறைவு. அது வெறும் தேர்தல் விதி மட்டுமன்று. பொறுப்பு எப்படிக் கைமாற வேண்டும் என்பதற்கான முழு நடைமுறை.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேத அறிவும் உடையவர் பெயரையே ஓலையில் எழுதலாம். நிலம் அரைக்கால் வேலியே இருந்தாலும் கல்வி மிகுந்தவராயின் இடம் உண்டு. வயது வரம்பு முதற் கல்வெட்டில் முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். நடைமுறையில் இடர் கண்டதும் கூடிப் பேசி மாற்றிக்கொள்ளும் துணிவு அந்தச் சபைக்கு இருந்தது. கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. ஒரே ஆள் சுற்றிச் சுற்றி வருவதை அந்த ஒரு வரி தடுத்துவிட்டது.

இனி நடைமுறை. இளையோர் முதியோர் அனைவரும் அடங்க மகாசபை கூட வேண்டும். ஊரில் உள்ள கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் சபை நடுவே இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி மேலே நோக்கி எடுத்து நிற்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன், பகற்பொழுதில், ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுப்பான். அது வேறொரு வெறுங்குடத்தில் இடப்பட்டுக் குலுக்கப்படும். அதிலிருந்து அவன் எடுக்கும் ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கியவர் உரக்கப் படிப்பார். நம்பிமார் அனைவரும் அதையே மீண்டும் படிப்பார்கள். ஐந்து விரலையும் ஏன் விரிக்க வேண்டும்? விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா? மனிதனை மதித்தார்கள், ஆனால் அவன் கையை நம்பிவிடவில்லை.

இப்படி வந்த முப்பதின்மரில் முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்து பழகிய, அறிவிலும் வயதிலும் முதிர்ந்த பன்னிருவர் சம்வத்சர வாரியம். பன்னிருவர் தோட்ட வாரியம். அறுவர் ஏரி வாரியம். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் இதே முறையில் தனியே ஆள் எடுத்தார்கள். காலம் முந்நூற்றறுபது நாள். இடையே குற்றம் கண்டால் அப்போதே விலக்க வேண்டும். சிறு பொறுப்புகளில் பழகியவரே பெரிய வாரியத்துக்குப் போக முடியும் என்ற ஒழுங்கை, முதல் துணைத்தலைவர், இரண்டாம் துணைத்தலைவர் என்று படி வைத்து ஏறும் நம் சங்க முறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான் சொல்ல வந்த இடம் இனித்தான் வருகிறது. யார் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்ற பட்டியலின் தலைப்பிலேயே வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்கள் நிற்கிறார்கள். அவர்கள் மட்டுமா? அவர்களுடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், தந்தை, மகன் என்று உறவினரை எண்ணி எண்ணி விலக்குகிறது கல்வெட்டு. பெரும்பாதகம் செய்தவர்களும் பிறர் பொருளைக் கவர்ந்தவர்களும் அதற்குப் பின்னால்தான் வருகிறார்கள். கணக்கு எழுதுபவருக்கு இன்னும் கடுமை. தாம் எழுதிய கணக்கைப் பெருமக்களிடம் தாமே காட்டி, நேர்மையானவர் என்று பெயர் வாங்காமல் அவர் மறுபடி அந்தப் பதவிக்கு வரக்கூடாது. அவர் எழுதிய கணக்கை வேறொரு கணக்கர் புகுந்து முடித்துக் கொடுக்கவும் கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய இந்த விதியைப் படிக்கும்போது நம் ஆடிட்டர் நண்பர்கள் எழுந்து நின்று வணங்க வேண்டும்.

நிலமுடைய பிராமணர் மட்டுமே அமர்ந்த சபை அது. பெண்களுக்கும் உழுதவர்க்கும் அங்கே இடமில்லை. அதை மறைத்துவிட்டு இன்றைய மக்களாட்சியே அங்கிருந்துதான் வந்தது என்று முழங்குவது எனக்கு உடன்பாடில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொண்டால் போதும்.

பாண்டி நாட்டான் என்ற முறையில் இன்னொரு கல்வெட்டையும் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில், பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. உத்திரமேரூருக்கு ஏறத்தாழ நூறாண்டு முந்தையது. சபையில் யார் பேசலாம் என்று வரையறுத்துவிட்டு, வருகிற ஒவ்வொரு காரியத்துக்கும் கூடாது கூடாது என்றே சொல்லி வேலையைக் கெடுப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும் என்கிறது அது. நம் அரிமா சங்கக் கூட்டங்களில் டெயில் ட்விஸ்டர் எழுந்து சிரிப்போடு அபராதம் வசூலிக்கும்போது, இது சிகாகோவிலிருந்து வந்த வேடிக்கை என்று நினைக்கிறோம். மானூர்க்காரர்கள் சிரிக்காமலே வசூலித்தார்கள்.

அறிவிப்பும் அரங்கமும்

விழா அறிவிப்புக்கு மணிமேகலையின் முதற்காதையைப் பார்க்க வேண்டும். புகாரில் இருபத்தெட்டு நாள் நடக்கும் இந்திர விழாவை, யானைமேல் முரசேற்றி ஊரெங்கும் அறிவிக்கிறார்கள். பூரண கும்பம் வையுங்கள், வாழையும் கரும்பும் நடுங்கள், பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புங்கள் என்று வேலைகளைச் சொல்லிக்கொண்டே போகிற முரசறைவோன், நல்லுரை சொல்ல வல்லவர்கள் பந்தரிலும் பொதுவிடத்திலும் அமருங்கள், சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையோடு வாதிடுங்கள், பகைவரிடத்தும் சினம் கொள்ளாமல் விலகிப் போங்கள் என்கிறான். அலங்காரமும் கருத்தரங்கும் ஊர்ச் சமாதானமும் ஒரே அறிவிப்பில் வந்துவிடுகின்றன. நம் அழைப்பிதழ்களிலோ பெயர்களின் எழுத்தளவு பற்றிய சமாதானப் பேச்சுதான் மிஞ்சுகிறது.

அரங்கத்துக்குச் சிலப்பதிகாரம். மாதவி ஆடிய மேடைக்கு அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல், மேற்பலகைக்கும் அரங்கப் பலகைக்கும் இடையே நாலு கோல், ஏறவும் இறங்கவும் இரண்டு வாயில்கள், மூவகை எழினிகள். கோல் என்பது இருபத்து நாலு விரல். விளக்கு வைக்கும் இடத்தைக் கூட இளங்கோவடிகள் விடவில்லை. தூணின் நிழல் அரங்கில் விழாதபடி வைத்தார்கள் என்கிறார். இன்று நம் திருமண மண்டபங்களில் மேடைக்கு ஒரே படிக்கட்டு. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் நடுவில் மோதிக்கொள்கிறார்கள். மைக்குக்கு எதிரே பூங்கொத்து நின்று பேசுபவர் முகத்தை மறைக்கிறது. அடிகள் பார்த்தால் வருந்துவார்.

வள்ளுவர் வைத்த வரிசை

திருக்குறளில் பொருட்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தோராம் அதிகாரம் தெரிந்து தெளிதல். அடுத்தது தெரிந்து வினையாடல். அதற்கடுத்துச் சுற்றந்தழால். அதன்பின் பொச்சாவாமை. அதற்கும் பின்னால் செங்கோன்மை. தனித்தனிக் குறளை மேற்கோள் காட்டி மகிழும் நாம் இந்த வரிசையை நின்று பார்ப்பதில்லை. ஆளைச் சோதித்துத் தேர்ந்தெடு. அவனுக்கு ஏற்ற வேலையைக் கொடு. உற்றாரையும் உடனிருப்போரையும் தழுவிக்கொள். மகிழ்ச்சி மயக்கத்தில் கடமையை மறந்துவிடாதே. அதன் பிறகு நேர்மையாக ஆட்சி செய். பொறுப்பேற்கும் தலைவர் ஒருவரின் முதல் ஆண்டே இந்த ஐந்து அதிகாரங்களில் இருக்கிறது. சுற்றந்தழாலுக்கும் செங்கோன்மைக்கும் நடுவே பொச்சாவாமையை வைத்த நுட்பத்தை நினைத்து நினைத்து வியக்கிறேன். வாழ்த்துப் பெறும் நாளுக்கும் வேலை தொடங்கும் நாளுக்கும் நடுவில்தான் மயக்கம் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அன்னைக்கும் ஆட்சிக்காலம் உண்டு

மதுரையில் இருந்துகொண்டு பதவியேற்பைப் பற்றி எழுதுகிறவன் அங்கயற்கண்ணி அம்மையின் பட்டாபிஷேகத்தைப் பாடாமல் முடித்தால் அது பிழை. சித்திரைப் பெருவிழாவின் எட்டாம் நாள் இரவு, அம்மன் சந்நிதியில் ஆறுகால் பீடத்தில் அன்னைக்கு இராயர் கிரீடம் சூட்டி, வேப்பம்பூ மாலை அணிவித்து, மணிகள் இழைத்த செங்கோலைக் கொடுக்கிறார்கள். அன்னையின் சார்பாகக் கோயில் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் அச்செங்கோலைப் பெற்றுப் பிராகாரத்தை வலம் வந்து மறுபடி அம்மன் திருமுன் சேர்க்கிறார். அன்றிலிருந்து சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என நாலு மாதம் மதுரையில் மீனாட்சி ஆட்சி. ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசப் பெருமானுக்குப் பட்டம் சூட்டியதும் ஆட்சி அவர் கைக்குப் போகிறது. எட்டு மாதம் அவருடையது. மலயத்துவச பாண்டியன் மகளாய்ப் பிறந்து, முடி சூடி, எண்திசையும் வென்ற தடாதகைப் பிராட்டியாரே, குறித்த காலம் முடிந்ததும் செங்கோலைக் கைமாற்றிக் கொடுக்கிறார். மனிதர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

செங்கோலை ஏந்தி வலம் வருகிறவரைப் பாருங்கள். ஊரே அவரைப் பார்க்கிறது. மேளமும் விருதுகளும் உடன் வருகின்றன. ஆனால் அந்தக் கோல் அவருடையதன்று. சுற்றி வந்ததும் அன்னையிடமே திரும்பக் கொடுத்துவிட வேண்டும். நம் தலைவர்கள் அணியும் காலரைப் பற்றி இதற்குமேல் நான் என்ன எழுத?

இன்னொரு செய்தி எனக்கு இன்னும் இனிக்கிறது. பெருமான் பட்டம் சூடும் அதே ஆவணி மூலத் திருவிழாவில்தான் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலும் நடக்கிறது. கிரீடம் வைத்த தலையிலேயே மண்கூடை ஏறுகிறது. வந்திக் கிழவிக்காகக் கூலியாளாய் வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, பிரம்படியும் பட்ட பெருமானைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் உருகிப் பாடியிருக்கிறார். தொண்டு செய்ய என்றே கூடியிருக்கும் சங்கத்தின் தலைவருக்கு இதைவிடப் பெரிய பணிவிதி வேண்டியதில்லை. ஆவணி மூலத்தன்று புட்டுத்தோப்புக்குப் போய் வாருங்கள். புதிய நிர்வாகிகள் குடும்பத்தோடு போனால் மிக நல்லது.

விழாக் குழுவினருக்குச் சில சொற்கள்

இனி நம் காரியம். அரிமா ஆண்டு ஜூலை முதல் தேதி பிறக்கிறது. தமிழ்க் கணக்கில் அது ஆனி நடுவு. ஜூலை 17ஐ ஒட்டி ஆடி பிறந்துவிடும். ஆடியில் பதவியேற்க நம்மவர் தயங்குவார்கள். அதனால் எல்லாச் சங்கங்களும் ஆனியின் கடைசி இரண்டு வாரத்தில் முட்டி மோதுகின்றன. அதே நாட்களில் கல்யாண முகூர்த்தங்களும் இருப்பதால் மண்டபம் கிடைப்பதில்லை. பதவிப் பிரமாணம் செய்து வைக்க வரும் முன்னாள் மாவட்ட ஆளுநரும் ஒரே மாலையில் மூன்று ஊருக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஆண்டு முடிவதற்கு முன்பே தேதியையும் மண்டபத்தையும் வருகிறவரையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். அன்னையே ஆடி மாதத்திலும் ஆட்சி செய்கிறாள் என்பதையும் தயங்குபவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

அழைப்பிதழ் நேரில் போகட்டும். குறிப்பாகத் தேர்தலில் விலகி நின்றவர்களுக்கும் மனத்தாங்கலோடு இருப்பவர்களுக்கும் தலைவரே நேரில் போய்க் கொடுக்க வேண்டும். கேகய நாட்டுக்குப் போகாத ஓலையால் என்ன நேர்ந்தது என்பதை மேலே எழுதிவிட்டேன்.

உறுதிமொழி வாசகத்தை முன்னரே அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். கடவுள் பெயரால் உறுதி கூறுபவருக்கும், உளமார உறுதி கூறுபவருக்கும் நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையே இடம் கொடுத்திருக்கும்போது நாம் ஒன்றைக் கட்டாயப்படுத்த வேண்டாம். பதவியின் பெயரைச் சொல்லி, அதன் வேலை இன்னது என்று ஒவ்வொருவருக்கும் ஓரிரு வாக்கியம் சொல்லிப் பொறுப்பளிப்பது நல்ல வழக்கம். அதை விட்டுவிட்டு எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒரே மூச்சில் முடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. வாழ்த்துரை மூன்றுக்கு மேல் போனால் விருந்துக் கூடத்தில் சாம்பார் ஆறிவிடும்.

கணக்குக்கு வருகிறேன். ஆண்டறிக்கையைச் செயலாளர் படிக்கிறார். பொருளாளர் வரவு செலவைப் படிப்பதில்லை. பொதுக்குழுவில் படித்தாயிற்றே என்பார்கள். பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? குடும்பத்தாரும் ஊர்ப் பெரியவர்களும் நன்கொடை கொடுத்தவர்களும் கூடியிருப்பது இந்த மேடைக்கு முன்னால்தான். காலர் மாறுவதற்கு முன், இருப்பு இவ்வளவு, வைப்புத் தொகை இவ்வளவு, பாக்கி இவ்வளவு, கண் சிகிச்சை முகாமுக்காக ஒதுக்கியது இவ்வளவு என்று பழைய பொருளாளர் தாமே எழுந்து ஐந்து நிமிடம் படிக்கட்டும். தீர்மானப் புத்தகம், ரசீதுப் புத்தகங்கள், வங்கிப் புத்தகம், சொத்துப் பட்டியல் ஆகியவற்றைத் தட்டில் வைத்துச் சபையறியப் புதியவர் கையில் கொடுக்கட்டும். மாலையையும் சால்வையையும் மட்டும்தான் தட்டில் வைக்க வேண்டும் என்று எந்த ஆகமமும் சொல்லவில்லை. வங்கியில் கையெழுத்து மாற்றுவதற்கான தீர்மானம், 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு பெற்ற சங்கமாயின் நிர்வாகக் குழு மாற்றத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் ஏழாம் எண் படிவம் ஆகியவற்றையும் அந்த மாலையிலேயே கையெழுத்துக்குத் தயாராக வைத்திருக்க வேண்டும். அந்தச் சட்டமும் எந்தக் குழுவுக்கும் மூன்றாண்டுக்கு மேல் ஆயுள் கொடுக்கவில்லை.

கடைசியாக, பதவி விடுகிறவரைப் பற்றி. காலரைக் கழற்றிக் கொடுத்ததும் அவரை மேடையில் நிற்க இடமில்லாமல் விட்டுவிடுகிறோம். புகைப்படக்காரரும் திரும்பிக்கொள்கிறார். முடிசூட்டு முடிந்த பிறகு அயோத்தியில் என்ன நடந்தது? இளவரசுப் பட்டம் ஏற்கும்படி இராமன் இலக்குவனை எவ்வளவோ வேண்டினான். அவன் மறுத்துவிட்டான். உடனே இராமன் அந்தப் பட்டத்தைப் பரதனுக்குக் கட்டினான். கணக்கை ஒப்படைத்தவனுக்கு அடுத்த நொடியே பொறுப்பு கிடைத்தது. நம் அரிமா விதிகளிலும் உடனடி முன்னாள் தலைவர் இயக்குநர் குழுவில் ஓர் உறுப்பினர். ஆகவே மேடை இருக்கைத் திட்டம் எழுதுகிற இணைச் செயலாளர், புதிய தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் பழைய தலைவரின் பெயரை இப்போதே எழுதி வைத்துவிட வேண்டும்.